ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: எந்தப் படியில் நின்றது?

கணினியின் பவர் பட்டனை அழுத்தியதும் லைட் எரிகிறது, ஃபேன்கள் சுற்றுகின்றன, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. "ஃபேன்தான் சுற்றுகிறதே, அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) மதர்போர்டும் நன்றாக இருக்கின்றன" என்று இந்த இடத்தில் முடிவுகட்டினால் மிச்ச நாள் முழுக்க வீண். ஃபேனுக்கு வேண்டியது 12 வோல்ட், அவ்வளவுதான். ஸ்லாட்டில் ராம் இல்லாவிட்டாலும் சுற்றும். பயாஸ் சிப் (கணினியை எழுப்பும் முதல் நிரல் இருக்கும் சிப்) காலியாக இருந்தாலும் சுற்றும். சில போர்டுகளில் பிராசசரையே கழற்றி வைத்துவிட்டாலும் சுற்றும்.

திரையில் முதல் எழுத்து விழுவதற்கு முன் ஒரு வரிசை நடந்தாக வேண்டும். மின்னழுத்தங்கள் நிலைத்துவிட்டன என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்ல வேண்டும். அதுவரை பிராசசரை ரீசெட்டில் நிறுத்தி வைத்திருக்கும் போர்டு, அதைப் பார்த்து ரீசெட்டை விடுவிக்க வேண்டும். பிராசசர் பயாஸ் சிப்பிலிருந்து முதல் கட்டளைகளைப் படித்து, ராமைக் கண்டுபிடித்து, அதை ஓட வேண்டிய வேகத்துக்குச் சரிசெய்ய வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் முறை அதற்கும் பிறகுதான். இதில் எந்தப் படியில் நின்றாலும் வெளியே தெரிவது ஒரே கறுப்புத் திரை. அதனால் முதலில் எந்தப் படி என்று பிடிக்க வேண்டும். பார்ட் மாற்றுகிற பேச்சு அதற்குப் பிறகு.

நம் லாக் (Num Lock) சோதனை

வயர் உள்ள யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைப் பின்பக்கத்து யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகி, ஆன் செய்து ஒரு நிமிடம் காத்திருந்து நம் லாக்கைத் தட்ட வேண்டும். லைட் எரிந்து அணைந்தால் பிராசசர், ராம், பயாஸ் மூன்றும் வேலை செய்கின்றன. அந்த லைட்டைக் கணினிதான் எரியவைக்கிறது. கீபோர்டு தானாக எரிப்பதில்லை. அடுத்து பவர் பட்டனை ஒருமுறை லேசாகத் தட்டிப் பார்க்கலாம். சில நொடிகள் கழித்துத் தானாக அணைந்தால் உள்ளே ஆபரேட்டிங் சிஸ்டமே ஓடிக்கொண்டிருக்கிறது. 4 நொடி அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது, நம் லாக்கும் அசையவில்லை என்றால், இயந்திரம் முன்படிகளிலேயே எங்கோ நின்றிருக்கிறது.

இந்த ஒரு நிமிடச் சோதனை வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். இதைச் செய்யாமல் முதலில் ராமைக் கழற்றுவதுதான் வழக்கமாக நடப்பது.

கணினி ஓடுகிறது, படம் மட்டும் இல்லை என்றால்

கேபிளைப் பிடுங்கிவிட்டு மானிட்டரின் சொந்த மெனுவைத் திறக்க வேண்டும். மெனு தெரிந்தால் பேனலும் பின்லைட்டும் உயிரோடு இருக்கின்றன. இன்புட் எதில் நிற்கிறது என்று பார்த்து, எச்டிஎம்ஐயா டிஸ்ப்ளே போர்ட்டா என்று கையாலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஆட்டோ’வை நம்ப வேண்டாம்.

கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பது அடுத்தது. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் போர்டின் போர்ட்டில் செருகியிருப்பது அடிக்கடி காணும் தவறு. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: கார்டைக் கழற்றிவிட்டு "போர்டிலும் டிஸ்ப்ளே வரவில்லை" என்பார்கள், பிராசசரில் கிராபிக்ஸே இருக்காது. இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிபவை (ஐ5-12400எஃப் போல) இந்த ரகம். ரைசனில் 3600, 5600 போன்றவற்றுக்கும் உள் கிராபிக்ஸ் கிடையாது. ஜி என்று முடிபவற்றில் உண்டு. 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் அடிப்படை கிராபிக்ஸ் இருக்கிறது. பிராசசரின் முழுப் பெயர் தெரியாமல் கார்டைக் கழற்றிச் சோதிப்பதில் பயனே இல்லை.

மானிட்டரின் பவர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டுச் செருகினால் மட்டும் சரியாகும் டிஸ்ப்ளே போர்ட் சிக்கல்களும் உண்டு. தூக்கத்துக்குப் போன மானிட்டர் எழுந்திருக்காத கதை அது. சில மானிட்டர்களில் டிஸ்ப்ளே போர்ட் வழியே பயாஸ் திரை வராது, விண்டோஸ் வந்த பிறகுதான் படம் வரும். எச்டிஎம்ஐக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் தொடங்க உதவும் வசதி) அணைத்த பிறகு டிஸ்ப்ளே போய்விட்டது என்றால், கார்டு யுஇஎஃப்ஐயை (பயாஸின் புதிய வடிவம்) புரிந்துகொள்ளாத பழைய கார்டாக இருக்கலாம். கார்டு கெடவில்லை, போர்டுக்கு அதை எழுப்பத் தெரியவில்லை. சிமோஸை (பயாஸ் அமைப்புகளை நினைவில் வைக்கும் பகுதி) ரீசெட் செய்து பார்க்கலாம். அப்போதும் வராவிட்டால் உள் கிராபிக்ஸிலோ வேறு கார்டிலோ நுழைந்து சிஎஸ்எம்மைத் திரும்ப ஆன் செய்ய வேண்டும். செங்குத்தாகக் கார்டை மாட்டும் ரைசர் கேபிளும் இதே வேலையைக் காட்டும்: ஜென் 3 (ஸ்லாட் வேகத்தின் மூன்றாம் தலைமுறை) ரைசரில் ஜென் 4 கார்டைப் போட்டால் படம் வராமலே போகலாம். ரைசரை எடுத்துவிட்டுக் கார்டை நேராக ஸ்லாட்டில் போட்டுப் பார்த்து, வந்தால் பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஜென் 3 என்று பூட்டிவிட்டு ரைசரைத் திரும்ப மாட்ட வேண்டும்.

நம் லாக் அசையவில்லை என்றால்

கேபினெட்டின் பக்கத்தைத் திறந்து, போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கனெக்டர் பக்கமாக நான்கு குட்டி எல்இடிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று அருகில் எழுதியிருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து போவது இயல்பு. எது அணையாமல் நிற்கிறதோ அந்தப் படியில்தான் சிக்கல். விஜிஏ நின்றால் பிராசசரும் ராமும் தேறிவிட்டன என்று பொருள். டிராம் நின்றாலும் அது ராம் கட்டையின் குறையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்லாட், பிராசசர் சாக்கெட், ராம் வேகத்துக்கான அமைப்பு என்று எதுவும் அதை நிறுத்தலாம்.

எல்இடி இல்லாத போர்டில் நான்கு பின் கொண்ட குட்டி பீப் ஸ்பீக்கர் ஒன்று போதும். பீப் மொழி பயாஸுக்கு பயாஸ் மாறும். பொதுவாக ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் கிராபிக்ஸ். நீளமான பீப் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ராம். ராமை முழுக்கக் கழற்றிவிட்டு ஆன் செய்வது இங்கே நல்ல சோதனை: பீப் அடித்தால் பிராசசரும் பயாஸும் ஓடுகின்றன. ராமே இல்லாதபோதும் சத்தமில்லை என்றால் சிக்கல் ராமுக்கு முந்தைய படியில் இருக்கிறது. அப்போது ராமை மாற்றிமாற்றிச் செருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

முன்பக்கத்து வயர்கள்

பலர் தாண்டிப்போகும் இடம் இது. கேபினெட்டின் ரீசெட் பட்டன் உள்ளே சிக்கி நின்றுவிட்டால் போர்டு நிரந்தரமாக ரீசெட்டிலேயே இருக்கக்கூடும். ஃபேன் சுற்றும், பீப் வராது, எல்இடி அசையாது, பார்ப்பதற்குச் செத்த போர்டு மாதிரியே இருக்கும். முன்பேனல் வயர்கள் அனைத்தையும் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் சுவிட்சின் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்ய வேண்டும். முன்பக்க யுஎஸ்பி வயர்களையும் சேர்த்தே எடுத்துவிடலாம். உள்ளே உலோக நாக்கு வளைந்து ஷார்ட் ஆன யுஎஸ்பி போர்ட்டும் இயந்திரத்தை நிறுத்தும்.

ராம்

இங்கேதான் அதிக வழக்குகள் முடிகின்றன. அதனால் அவசரப்படக் கூடாது.

பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 நொடி அழுத்தி மிச்சச் சார்ஜை இறக்கிவிட்டு, எல்லா ராமையும் எடுக்க வேண்டும். நான்கு ஸ்லாட் போர்டில் ஒரே ஒரு கட்டையை ஏ2வில், அதாவது பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போட வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் ராம் பாதைகள் அந்த ஸ்லாட்டை நம்பித்தான் போடப்பட்டிருக்கும். இரண்டு கட்டை என்றால் ஏ2வும் பி2வும்.

எடுத்த கட்டையின் தங்கப் பின்களை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பின்னிலும் ஒரு மெல்லிய கீறல் கோடு தெரியும். ஸ்லாட்டின் தொடுமுனை உரசிய தடம் அது. எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் முடிந்திருக்க வேண்டும். ஒரு கோடியில் உயரமாகவும் மறுகோடியில் குட்டையாகவும் இருந்தால் கட்டை சாய்வாக அமர்ந்திருந்தது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள ஸ்லாட்டுகளில் இது சாதாரணம்: கிளிப் பக்கம் ‘டக்’ என்று விழும், கிளிப் இல்லாத பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கிளிப் இல்லாத பக்கத்தை முதலில் இறக்கி, பிறகு கிளிப் பக்கத்தை அழுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

பின்களைத் துடைக்க அழிரப்பர்தான் எல்லோருக்கும் பழக்கம். வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் இன்னொரு கோளாறு. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டு, ஒரே திசையில் இரண்டு மூன்று முறை இழுத்துத் துடைத்தால் போதும். ஸ்லாட்டுக்குள் காற்றடித்துத் தூசியை எடுக்க வேண்டும். ஊசியோ பிரஷ் முனையோ உள்ளே விடக் கூடாது.

ஒரு கட்டையை எல்லா ஸ்லாட்டிலும், பிறகு அடுத்த கட்டையை எல்லா ஸ்லாட்டிலும் போட்டு ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஒரு கட்டை எங்கும் ஓடவில்லை என்றால் கட்டை போயிற்று. எந்தக் கட்டையைப் போட்டாலும் ஏ1, ஏ2 இரண்டும் ஓடவில்லை, பி பக்கம் மட்டும் ஓடுகிறது என்றால் ஒரு சேனலே (பிராசசருக்கும் ராமுக்கும் இடையிலான பாதை) போயிருக்கிறது. அது பெரும்பாலும் பிராசசர் சாக்கெட் விவகாரம்.

டிடிஆர்5 (புதிய தலைமுறை ராம்) இயந்திரங்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ராம் மாற்றிய பிறகோ சிமோஸ் ரீசெட் செய்த பிறகோ முதல்முறை ஆன் செய்யும்போது ராம் டிரெய்னிங் (ராமை வேகத்துக்குச் சரிசெய்யும் வேலை) சில நிமிடம் ஓடும். ஏஎம்5 சாக்கெட் கொண்ட ரைசன் போர்டில் 64, 128 ஜிபி போட்டால் இன்னும் நீளும். டிராம் எல்இடி எரிந்துகொண்டே, திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்தால் டிரெய்னிங் மறுபடி முதலிலிருந்து. 10 நிமிடம் விட்டுப் பார்க்காமல் இந்த இயந்திரங்களில் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

சிமோஸ் ரீசெட்

எக்ஸ்எம்பி (ராமை அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்த பிறகோ ராம் வேகத்தை ஏற்றிய பிறகோ டிஸ்ப்ளே போயிருந்தால் இதையே முதலில் செய்யலாம். பவர் கார்டைப் பிடுங்கி, மேனுவலில் காட்டிய இரண்டு பின்களை 10 நொடி ஷார்ட் செய்ய வேண்டும். அந்தப் பின்கள் அகப்படாவிட்டால் போர்டிலுள்ள பேட்டரியைக் கழற்றி 10 நிமிடம் விடலாம். பேட்டரி சிஆர்2032, 3 வோல்ட். மீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம், ஆனால் பேட்டரி மட்டுமே டிஸ்ப்ளேயை நிறுத்தியிருப்பது அரிது.

ரீசெட்டுக்குப் பிறகு டிஸ்ப்ளே வந்து, விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்று வேறு புலம்பல் தொடங்கலாம். பயாஸில் டிஸ்க்கைக் கையாளும் முறை ரெய்டிலிருந்தோ விஎம்டியிலிருந்தோ ஏஎச்சிஐக்கு மாறியிருக்கும், திரும்பப் பழையபடி வைக்க வேண்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஆன் செய்திருந்தால் ரெக்கவரி கீ கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ரீசெட்டைத் தொடுவது நல்லது.

பவர்

முதலில் கண்ணால். 24 பின் கனெக்டரின் பூட்டு விழுந்திருக்கிறதா? போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கான 8 பின் கனெக்டர் செருகப்பட்டிருக்கிறதா? இது இல்லாவிட்டால் ஃபேன் 24 பின்னிலிருந்தே 12 வோல்ட் எடுத்துச் சுற்றும், பிராசசருக்கு மட்டும் மின்சாரம் இருக்காது. கேபினெட்டின் மேல்தகடும் ஹீட்சிங்கும் மறைக்கும் இடம் என்பதால் அசெம்பிளி செய்தவரே மறந்துபோகும் கனெக்டர் இது. பிராசசர் 8 பின் 4+4 ஆகப் பிரியும், கிராபிக்ஸ் 8 பின் 6+2 ஆகப் பிரியும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைத் திணிக்கக் கூடாது. கார்டுக்கு ஸ்லாட் தருவது 75 வாட், 6 பின் தருவது 75, 8 பின் தருவது 150. கார்டில் கனெக்டர் இருந்தால் அதில் வயர் இருந்தே ஆக வேண்டும்.

மாடுலர் (கேபிள்கள் தனியாகக் கழலும்) எஸ்எம்பிஎஸ் மாற்றியிருந்தால் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவைத்தார்களா என்று கேட்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு. வடிவம் பொருந்தும், 12 வோல்ட் 5 வோல்ட் இடத்தில் போய்ச் சேரும், டிஸ்க்குகள் எரியும்.

24 பின் கனெக்டரின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றினால் "எஸ்எம்பிஎஸ் ஓகே" என்பது பாதி உண்மைகூட இல்லை. லோடே இல்லாத எஸ்எம்பிஎஸ் எதையும் காட்டும். போர்டில் செருகியபடியே, ஆன் செய்தபடியே அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் பிடித்து, சிவப்பு முனையை 24 பின் கனெக்டரின் வயர் பக்கமாகப் பின்னாலிருந்து நுழைக்க வேண்டும். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். ஊதா, அணைத்த நிலையிலும் 5 வோல்ட் காட்ட வேண்டும். வயர்கள் எல்லாமே கறுப்பாக உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் பின் எண்ணைப் பார்த்துத்தான் போக வேண்டும்: பச்சை 16, சாம்பல் 8, ஊதா 9.

எல்லாம் சரியாகக் காட்டியும் இயந்திரம் எழவில்லை என்றால் சாம்பல் வயருக்கு வாருங்கள். முன்னே சொன்ன ‘நிலைத்துவிட்டேன்’ என்ற சேதி போகும் வயர் அதுதான். மீட்டரை அதில் வைத்துக்கொண்டே ஆன் செய்தால் பூஜ்யத்திலிருந்து அரை நொடிக்குள் ஏறக்குறைய 5 வோல்ட்டுக்குத் தாவி அங்கேயே நிற்க வேண்டும். பூஜ்யத்திலேயே கிடந்தாலோ 1 வோல்ட்டில் தள்ளாடினாலோ போர்டு ரீசெட்டை விடாது. 12 வோல்ட் முழுசாக இருக்கும், ஃபேன் அழகாகச் சுற்றும், கணினி மட்டும் தொடங்காது. நம்பகமான வேறு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

ஃபேன் ஒரு நொடி சுற்றி நிற்பது, மறுபடி சுற்றி நிற்பது என்றால் அது வேறு நோய். எங்கோ ஷார்ட் இருந்து எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது, அல்லது ராம் டிரெய்னிங் தோற்று மறுபடி தொடங்குகிறது.

வெளியே எடுத்து வைப்பது

இதுவரை பிடிபடவில்லை என்றால் போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து ஒரு அட்டைப்பெட்டி மேல் வைக்க வேண்டும். பளபளக்கும் ஆன்டிஸ்டாட்டிக் உறையின் மேல் வைத்து ஆன் செய்யக் கூடாது, அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தலாம். பிராசசர், ஹீட்சிங்க், ஒரு ராம், தேவைப்பட்டால் கார்டு; வேறு எதுவும் வேண்டாம், டிஸ்க்குகூட. வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் ஓட்டை இல்லாத இடத்தில் போர்டுக்கு அடியில் மிச்சமாக நிற்கும் ஸ்டாண்ட்-ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டி உலோகத் தூண்) ஒன்றைத் தேடுங்கள். பின்தகட்டின் மெல்லிய நாக்கு எச்டிஎம்ஐ, யுஎஸ்பி போர்ட்டுக்குள் வளைந்து நுழைந்திருப்பதும் இதே விளைவைத் தரும்.

வெளியேயும் ஓடவில்லை என்றால் பிராசசரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ரைசனின் ஏஎம்4 சாக்கெட்டில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் ஹீட்சிங்கை நேராக இழுக்கும்போது பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசசரும் பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். வழக்கமாகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிக் கழற்றச் சொல்வார்கள். எழாத இயந்திரத்தில் பிராசசர் சூடாகாது. ஹேர் டிரையரால் ஹீட்சிங்கின் அடிப்பகுதியை இரண்டு நிமிடம் சூடாக்கி, இடமும் வலமுமாகத் திருகி விடுவிக்க வேண்டும்.

இன்டெல் சாக்கெட்டில் பின்கள் போர்டிலேயே இருக்கும். மொபைல் கேமராவைப் பெரிதாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல நகர்த்தினால் பின் முனைகளின் பளபளப்பு வரிசையாக ஓடும். அந்த வரிசை எங்கே உடைகிறதோ அங்கே வளைந்த பின். மெக்கானிக்கல் பென்சில் முனையாலோ மெல்லிய ஊசியாலோ நிமிர்த்தலாம், ஒரே ஒரு முறைதான். இரண்டாவது முறை பின் முறியலாம். பின்கள் நன்றாக இருந்தும் ஒரு ராம் சேனல் மட்டும் காணாமல் போனால் ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, மூலைவிட்டமாகச் சமமாக இறுக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் அதிகமாக இறுகினாலே தொடர்பு விட்டுப்போகும்.

புதிய பிராசசர், பழைய போர்டு என்றால் பயாஸ் பதிப்பையும் சந்தேகிக்க வேண்டும். 12ஆம் தலைமுறைக்காக வந்த பி660 போர்டில் 13ஆம் தலைமுறை பிராசசரைப் பழைய பயாஸோடு போட்டால் சாக்கெட் பொருந்தும், டிஸ்ப்ளே வராது. பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் இருந்தால் கவலையில்லை. பிராசசர், ராம் எதுவும் இல்லாமல் 24 பின், 8 பின் பவரோடு, எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் மேனுவல் சொல்லும் பெயரில் ஃபைலைப் போட்டு, குறியிட்ட போர்ட்டில் செருகிப் பட்டனை அழுத்தினால் தானே எழுதிக்கொள்ளும். லைட் மின்னுவது நிற்கும்வரை தொடவே கூடாது.

வந்த பிறகு

டிஸ்ப்ளே வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பார்க்க வேண்டும். கடைசியாகச் சேர்த்த பாகம்தான் குற்றவாளி என்று கைகாட்ட முடிய வேண்டும். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை நான்கு சுற்று ஓடவிட்டு, ஒரு பிழைகூட இல்லாமல் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் மேலே, பவர் கார்டைப் பிடுங்கி ஒரு இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் முதல் அழுத்தலிலேயே எழுகிறதா என்று பார்க்க வேண்டும். கெபாசிட்டர் தளர்ந்த எஸ்எம்பிஎஸ்ஸும் சரியாக உட்காராத ராமும் சூடாக இருக்கும்போது நன்றாக நடந்துகொள்ளும். ஆறிய பிறகுதான் பழைய கறுப்புத் திரையைக் காட்டும்.